இருபத்தொரு வயதுக் கால்

தேசிங்குக்கு அறுபத்தொரு வயது ஆனபோதும் அவருடைய இடது காலுக்கு இருபத்தொன்றுதான் ஆகியிருந்தது, அது கரிமேட்டு நகரில் எல்லோருக்கும் தெரியும், குழாயில் எந்த நேரத்துக்குத் தண்ணீர் வரும் என்று தெரிவதைப்போலத் தெரியும், அதனால் யாரும் அதை அதிசயம் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் மட்டும் முதல் வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்: தலை நரைத்து, தோள் இறங்கி, வலது முட்டி பன்ரொட்டியாக வீங்கி, பாதி மூச்சில் நடக்கிற ஒரு மனிதர், அவருக்குக் கீழே இடது பக்கம் மட்டும் முறுக்கேறிய கெண்டைக்காலும் கன்னங்கரேலென்ற ரோமமுமாக ஒரு வாலிபக் கால். இரண்டாவது வாரம் அவர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார்கள்.

கரிமேட்டு நகர் பேசின் பாலத்துக்கு வடக்கே இருக்கிறது, நீராவி எஞ்சின் ஓடிய நாளில் ரயிலுக்கு நிலக்கரி கொட்டிய இடம், எஞ்சின்கள் போனபின் கரியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், கறுத்த மண் மட்டும் ஒரு மைதானமாக மிஞ்சியது. அந்த மண்ணில் வெறுங்காலால் பந்து உதைத்துக்கொண்டிருந்த தேசிங்கை ஒரு கோடையில் கல்கத்தாவிலிருந்து ஆள் தேடி வந்த கிளப்காரர்கள் பார்த்துவிட்டு ரயிலேற்றிக் கூட்டிப்போனார்கள். அங்கே அவர் இடது ஓரத்தில் ஆடினார், ஒரு மழை மாலையில், சேறும் சகதியுமாகக் கிடந்த மைதானத்தில், பாதிக் கோட்டிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தவன் போனவனையெல்லாம் ஏமாற்றிவிட்டு நேராகப் போய் கோல் போட்டார், அந்த ஊர்க்காரர்கள் உள்ளே பாய்ந்து அவருடைய இடது காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஆளைத் தூக்கவில்லை, காலைத்தான் தூக்கினார்கள், மீதி உடம்பு அதோடு சேர்ந்து போயிற்று. அன்றைக்கு அவருக்கு வயது இருபத்தொன்று. கால் அங்கேயே நின்றுவிட்டது.

கடுகெண்ணெய் தேய்த்ததால் என்றார்கள் சிலர், ஆற்றுமீன் சாப்பிட்டதால் என்றார்கள் சிலர், அத்தனை பேர் ஒரே நேரத்தில் கண் வைத்தால் கால் என்னதான் செய்யும் என்றாள் பூக்காரி ஒருத்தி. காரணத்தைத் தோண்டிக்கொண்டிருக்கக் கரிமேட்டில் யாருக்கும் பொழுதில்லை. அதுவுமில்லாமல் வயது என்பதே அங்கே பேசி முடிக்கிற ஒரு விஷயம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே வளைத்து மறு காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அம்மா கையைக் கொஞ்சம் இழுத்துவிடுவாள், அப்போதும் ஐந்து வயதுதான். பந்தாடுகிற பையன்களுக்கு வீட்டில் ஒரு வயது, பள்ளியில் ஒரு வயது, லீகில் ஒரு வயது. ஒரே ஆளுக்கு மூன்று வயது இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட ஊர், ஒரு காலுக்குத் தனி வயது இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று விட்டுவிட்டது.

ஆனால் தேசிங்குக்கு நிறையவே குறைந்துபோயிற்று. கல்கத்தாவிலிருந்து கோவா, கோவாவிலிருந்து கேரளா, கேரளாவிலிருந்து கோயம்புத்தூரில் ஒரு மில் டீம் என்று வருஷத்துக்கு ஒரு படி இறங்கினார், ஏனென்றால் கால் முன்னால் போய்விடும், இடுப்பும் மூச்சும் வலது முட்டியும் பின்னாலேயே இரைக்க இரைக்க வரும். ஆடியது போதும் என்று கோச் ஆனார். சேலத்தில் ஒரு டீம், நாகர்கோவிலில் ஒரு டீம், ஒரு சிமெண்டு ஆலை, ஒரு காலேஜ், எங்கே போனாலும் அவரை வேலைக்கு வைத்தவர்கள் காலைப் பார்த்துத்தான் வைத்தார்கள். யார் யாரை மறிக்க வேண்டும், பந்து இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்று அவர் தரையில் கல் வைத்து விளக்கிக்கொண்டிருப்பார், அது அவருக்கு உண்மையிலேயே நன்றாகத் தெரிந்த வித்தை, கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "மாஸ்டர், அத வுடுங்க, அந்தக் கால்ல ஒரு ஷாட் அடிச்சுக் காட்டுங்க" என்பார்கள். அவர் அடித்துக் காட்டுவார். கை தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோற்பார்கள். சீசன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். இப்படி ஊர் ஊராக இறங்கி இறங்கி, கடைசியில் கரிமேட்டுக்கே திரும்பிவந்து, யங் ஸ்டார்ஸ் என்ற உள்ளூர் டீமுக்குக் கோச் ஆனார், அது மூன்றாம் டிவிஷன் டீம், அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது.

ஊர் அந்தக் காலை அதன்போக்கில் ஏற்றுக்கொண்டது. தையல்காரர் பேண்ட்டில் இடது பக்கம் மட்டும் தாராளமாகத் துணி விட்டார். முடிவெட்டுகிறவர் தலைக்குச் சாயம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, காலைக் காட்டி, "இதுக்கு வேணாம்" என்று தாமே பதிலும் சொல்லிக்கொண்டார். அறுபது முடிந்தவர்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானதும் கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, "பெர்சு, நீ ஃப்ரீ. காலுக்கு டிக்கெட் எடு" என்றார், பஸ்ஸே சிரித்தது, தேசிங்கு எடுத்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வாசலில் நின்று அந்த முட்டியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். ஆடிமாதத்து அம்மன் தேர் பள்ளத்தில் சிக்கினால், "மாஸ்டரக் கூப்டு" என்று ஆள் வரும், அவர் ஓரமாக நின்று இடது காலை மட்டும் சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பார், தேர் எழும்பிவிடும், அவர் இடுப்பு பிடித்துக்கொள்ளும், காலுக்கு மாலை போடுவார்கள்.

தெருவில் நடந்தால் இடது எட்டு பெரிதாக விழும், வலது எட்டு சின்னதாக விழும், ஆகவே கவனம் தப்பினால் மனிதர் வலப்பக்கமாகவே வளைந்துகொண்டு போவார். அவர் மனைவி கஸ்தூரி மீன் வாங்க அனுப்பினால் பழைய இரும்புக் கடையில் போய் நிற்பார். கடைக்காரர் எழுந்துவந்து தோளைப் பிடித்துத் திருப்பி, மீன் மார்க்கெட்டுப் பக்கமாக முகத்தை வைத்து, லேசாகத் தள்ளிவிடுவார். இதையும் அந்தத் தெருவில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தேசிங்குக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, உட்கார வேண்டும். நிம்மதியாக, ஒரு முழு மத்தியானம், நாற்காலியில் சாய்ந்து. ஆனால் உட்கார்ந்த மறு நிமிஷமே கால் ஆடத் தொடங்கும், தரையைத் தட்டும், வாசலைப் பார்த்துத் திரும்பும், கூட்டிக்கொண்டு போ என்று இழுக்கும். விடிவதற்கு முன்பே எழுந்து மைதானத்துக்குக் கிளம்பும். ஒரு தடவை கஸ்தூரி தன் பழைய புடவையால் அதைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுத்தாள், காலையில் பார்த்தால் கட்டில் நடுத்தெருவில் கிடந்தது, மேலே தேசிங்கு தூங்கிக்கொண்டிருந்தார், பால்காரர் சைக்கிளை வளைத்துக்கொண்டு சுற்றிப் போனார். நாலு பேர் சேர்ந்து கட்டிலை உள்ளே தூக்கிவைத்தார்கள். கஸ்தூரிதான் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அந்தக் காலைப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் பெருமையாக இருந்தது உண்மைதான், பிறகு புருஷன் கிழவனாகிக்கொண்டே போவதும் அது மட்டும் அப்படியே இருப்பதும் கண்முன் நடந்தபோது, ஒரு வாடகைக்காரன் வீட்டுக்காரனை விரட்டுகிற கதையாக அவளுக்குத் தோன்றியது.

அந்த வருஷம் யங் ஸ்டார்ஸ் தோற்றதெல்லாம் தோற்று, ஒரே ஒரு ஆட்டம் மிச்சமிருக்கும்போது கடைசி இடத்தில் நின்றது, அதை ஜெயித்தால்தான் அங்கிருந்து ஏற முடியும். கடைசி இடத்தில் முடிக்கிற டீமின் பெயரை லீகிலிருந்து நீக்கிவிடுவார்கள். பெயர் போனால் கோப்பை போகப்போவதில்லை, கோப்பை எப்போதும் இருந்ததில்லை, ஆனால் லீக் டீமில் ஆடுகிறவனால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கும் போலீஸுக்கும் போய் நிற்க முடியும். கேப்டன் லோகு மூன்று வருஷமாக அதற்காகவே மூட்டை தூக்கிக்கொண்டு ஆடுகிறவன். கரிமேட்டில் வெளியே போகிற வாசல் அந்த ஒன்றுதான், அது தன் கையில் இருக்கும்போது மூடப்போகிறதே என்று தேசிங்குக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு லீகில் ஒரு விதி, ஆட்டம் நடக்கிற நேரம் முழுக்க இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட ஒரு ஆட்டக்காரன் களத்தில் இருந்தாக வேண்டும். யங் ஸ்டார்ஸுக்கு அப்படி இருந்தவன் பிரதாப் ஒருவன்தான், அவனுக்கு எலும்பு டெஸ்ட் எடுத்தார்கள், மணிக்கட்டை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு இருபத்துநாலு என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். லீகுக்குக் கொடுத்த வயது காகிதத்துக்குப் போதும், எலும்புக்குப் போதவில்லை.

டீமின் செயலாளர் அற்புதராஜ் பையன்களின் வயதைக் குறைப்பதிலேயே நரைத்துப்போனவர். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு தேசிங்கு வீட்டுக்கு வந்து, தேசிங்கைப் பார்க்காமல், தரையைத் தட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார்.

"மாஸ்டர், இதுக்கு இன்னா வயசு?"

"உனுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரிஞ்சா போதுமா? டாக்டரம்மாவுக்குத் தெரியணுமே."

அடுப்படியிலிருந்து கஸ்தூரி கரண்டியோடு வந்தாள். "இன்னா பேசிக்கினு இருக்கீங்க? நெஞ்சு வலின்னு போன மாசந்தான் ஆஸ்பத்திரில கெடந்தாரு."

"சும்மா நிக்கட்டும்கா. ஓரமா நின்னா போதும்."

"இவரு நிப்பாரு. அது நிக்குமா?"

தேசிங்கு லோகுவை நினைத்துக்கொண்டார். எழுந்து சட்டையை மாட்டினார்.

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் கணுக்காலையும் முட்டியையும் வெகுநேரம் பார்த்தார். "இருபத்தொண்ணு. கூடப்போனா ஒரு மாசம் ரெண்டு மாசம்" என்றார். பிறகு ஆளை நிமிர்ந்து பார்த்தார். "மீதிக்கும் எடுக்கணுமா?"

"மீதி வேணாம் டாக்டரம்மா" என்றார் அற்புதராஜ் அவசரமாக.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மீதியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். "கால் ஓடும் பெரியவரே. எவ்ளோ வேணாலும் ஓடும். இதயமும் கூட ஓடணுமே" என்றார். தேசிங்கு தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் காலைப் பார்க்க வந்தவர்களில் நெஞ்சைத் தொட்டவர் அவர் ஒருவர்தான் என்று அவருக்குத் தோன்றியது, அதற்காகவே கொஞ்சம் அழலாம்போல் இருந்தது.

லீக் சங்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியது. ஒருவர் இது அநியாயம் என்றார், இன்னொருவர் எலும்பு சொன்னால் சொன்னதுதான், பிரதாப்புக்கு ஒரு நியாயம் இதற்கு ஒரு நியாயமா என்றார், தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "காலுக்கு வயசு சரியா இருக்கு. கால மட்டும் தனியா எறக்க முடியாது. அதனால ஆளும் கூட வரலாம்." எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

ஆட்டத்தன்று கரிமேட்டில் கடைகளை அடைத்துவிட்டார்கள். மைதானத்துச் சுவர் தெரியாமல் ஜனம் ஏறி உட்கார்ந்திருந்தது. கால் இறங்கப்போகிறது என்று பாலத்துக்குத் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். தேசிங்கு பையன்களைக் கூட்டி வைத்து, தரையில் கல் பரப்பி, "அவுங்க ரைட் சைடுலதான் ஏறுவாங்க, பிரிஞ்சு நிக்காதீங்க, பந்து போனா யாரும் என்னியப் பாக்காதீங்க" என்றார். ஒரே ஒரு ஆள் காதுகொடுத்துக் கேட்டான், லோகு. மற்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசில் ஊதியது, கால் கிளம்பியது. நாற்பது வருஷம் அடக்கிவைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அது கிளம்பியது, பந்தைத் தேடிப்போய் வாங்கிக்கொண்டது, ஒருவனைக் கடந்தது, இன்னொருவனைக் கடந்தது, தேசிங்கு அதன் பின்னால் கையை வீசிக்கொண்டு, கண் இருட்டிக்கொண்டு, பஸ் படியில் தொங்குகிறவனாக ஓடினார். "காலே! காலே!" என்று ஜனம் கத்தியது. சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள், மீன்காரிகள் கத்தினார்கள், இரும்புக் கடைக்காரர் குரல் கம்மும்வரை கத்தினார். சுவர்மேலிருந்து கஸ்தூரி மட்டும், "யோவ், உக்காருய்யா! கீய உக்காரு!" என்று கத்தினாள், அது யார் காதிலும் விழவில்லை. கால் மூன்று தடவை பந்தைக் கோல் கம்பத்தில் அடித்தது. மூன்று தடவையும் கடைசி நேரத்தில் உடம்பு எட்டாமல் பின்தங்கிவிட்டது. எதிராளிகளால் கோல் போட முடியவில்லை, ஏனென்றால் தேசிங்கு கல் வைத்துச் சொன்ன இடத்தில் லோகு கல்லாக நின்றான்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் லோகுவைக் கோலுக்கு முன்னால் இடறிவிட்டார்கள். பெனால்டி. யார் அடிப்பது என்று பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள், தேசிங்கை இழுத்துக்கொண்டு கால் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"மாஸ்டர், நான் அடிக்கட்டுமா?" என்றான் லோகு. அவர் முகம் சாம்பலாக இருந்தது.

"அது நவுராதுடா" என்றார் தேசிங்கு.

எதிர் டீம் கோல்கீப்பர் வேறு எதையும் பார்க்கவில்லை. கையிரண்டையும் விரித்துக்கொண்டு இடது காலையே பார்த்தான். அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேசிங்குக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிசைந்தது, காது அடைத்தது, "காலே, காலே" என்ற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அந்த நேரத்தில் அவருக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வாழ்நாள் கோபம், அதுவும் களைத்துப்போன கோபம், கத்தக்கூடத் தெம்பில்லாத கோபம். குனிந்து காலிடம் சொன்னார்.

"போதும்ப்பா. உன்ன எல்லாரும் பாத்துட்டாங்க. இப்ப நீ நில்லு. ஒரே ஒருவாட்டி, என்னியத் தாங்கிக்கினு நில்லு."

அவர் பின்னால் நகர்ந்து, இரண்டே எட்டு எடுத்துவைத்தார். கால் அந்தரத்தில் ஏறியது, கீப்பர் அது திரும்பிய பக்கமாகப் பாய்ந்துவிட்டான், ஆனால் கால் உதைக்காமல் பந்துக்குப் பக்கத்தில் இறங்கி, கரிமண்ணில் அழுந்தி நின்றது. அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு தேசிங்கு, அறுபத்தொரு வயதான, வீங்கிய, எவனும் திரும்பிப் பார்க்காத வலது காலால் பந்தைத் தொட்டார். உதைத்தார் என்று சொல்ல முடியாது. பந்து உருண்டது. கூட்டம் வாயடைத்துப்போகவும், கீப்பர் கீழே கிடந்தபடியே திரும்பிப் பார்க்கவும், எழ முயன்று வழுக்கவும், கஸ்தூரி சுவரிலிருந்து இறங்கவும் போதுமான அளவு மெதுவாக உருண்டு, கோட்டைக் கடந்து, வலையைத் தொடாமலேயே நின்றது.

யாருக்கும் என்ன கத்துவதென்று தெரியவில்லை. காலே என்று சொல்ல வாய் வரவில்லை, அது கால் போட்ட கோல் இல்லை. பிறகு இரும்புக் கடைக்காரர்தான் கம்மிய குரலில், "தேசிங்கு" என்றார், ஏதோ புதிதாகக் குடிவந்தவரின் பெயரைச் சொல்லிப்பார்க்கிறவராக. அடுத்தவர் சொன்னார். அப்புறம் சுவர் முழுக்கச் சொன்னது.

தேசிங்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

ரெஃபரி ஓடிவந்து, ஆட்டம் இன்னும் முடியவில்லை, இருபத்திரண்டுக்குக் கீழே ஒருவர் களத்தில் இருந்தாக வேண்டும், வெளியே போனால் எல்லாம் வீண் என்றார். "களத்துலதான சார் கீறாரு" என்றான் லோகு. "நிக்கணும்னு எங்கியாவது சொல்லிக்கீதா?" ரெஃபரி யோசித்தார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விசிலை ஊதினார், ஆட்டம் தேசிங்கைச் சுற்றிக்கொண்டு நடந்தது, எதிராளிகள் அவரைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள், பந்து அவர் தலைக்கு மேலே போயிற்று, யங் ஸ்டார்ஸ் பையன்கள் அவர் சொன்னபடி பிரியாமல் நின்று ஒவ்வொரு பந்தையும் திருப்பி அனுப்பினார்கள், வருஷம் முழுக்கக் கேட்காத பாடத்தை அந்தக் கொஞ்ச நேரத்தில் கேட்டார்கள்.

கஸ்தூரி யாரையும் கேட்காமல் ஓட்டத்துக்கு நடுவே நடந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், அடித்துக்கொண்டது, தாறுமாறாகத்தான், ஆனாலும் அடித்துக்கொண்டது. பிறகு வலது முட்டியைத் தடவினாள்.

"ரொம்ப வலிக்கிதாய்யா இது?"

தேசிங்கு தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல் கிடந்தது. பந்து பக்கத்தில் வந்தபோதும் திரும்பவில்லை. அவர் அதை மெல்ல மடக்கிப் பார்த்தார், முகம் சுருங்கியது, மறுபடி நீட்டினார், மறுபடி சுருங்கியது, அதற்குப்பின் அந்த முகத்தில் கஸ்தூரி கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது.

"ரெண்டும் வலிக்குது கஸ்தூரி" என்றார்.